வெயிலுக்கு முந்திய வெள்ளாமை

ஆடிப் பட்டத்தைப் பற்றிச் சொல்ல ஊரில் எல்லாரிடமும் ஏதாவது இருக்கும். மாசிப் பட்டத்தைப் பற்றிக் கேட்டால், "அது தண்ணி இருக்கிறவன் பாடு" என்று பேச்சை முடித்துக்கொள்வார்கள். எங்கள் வேடசந்தூர்ப் பக்கம் பங்குனியும் சித்திரையும் நிலத்தை ஆறப் போடுகிற மாதங்கள். கோடை உழவு ஓட்டிவிட்டு மழைக்குக் காத்திருப்பதுதான் வழக்கம். கிணறு கீழே போய்விடும். ஆடு மாடுகள் பச்சையைத் தேடி வேலி தாண்டும். வேலைக்கு ஆள் வராது. ஆனால் கல்யாணம், திருவிழா, லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் என்று வீடுகளில் காய்க்குத் தேவை கூடுவதும் இதே மாதங்களில்தான். காயில் மருந்து அதிகம் ஏறுவதும் இப்போதுதான். வெள்ளை ஈயும் செம்பேனும் வெயிலில் பெருகுவதால், பறிப்புக்கும் பறிப்புக்கும் நடுவிலேயே மருந்து அடித்துவிடுகிறார்கள். நேற்று அடித்த காய் இன்று தராசுக்கு வருகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், கோடையிலும் நஞ்சில்லாத காய் விளைய வேண்டும் என்று பிடிவாதமாக இதில் இறங்கினேன். இன்றைக்கும் அந்தப் பிடிவாதம் குறையவில்லை.

எனக்கு இருப்பது 30 சென்ட் செம்மண். உறவுக்காரர்களுக்குப் பொதுவான கிணற்றில் முறைத் தண்ணீர். 30 சென்ட்டில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டவர்கள் நிறைய. மகாராஷ்டிரத்தில் ஸ்ரீபாத் தபோல்கர், பத்துக் குண்டா நிலம், அதாவது கால் ஏக்கர், ஒரு குடும்பத்துக்குப் போதும் என்று சொன்னவர். எவ்வளவு நிலம் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு இலை வெயிலை வாங்குகிறது என்று பார்க்கச் சொன்னவர். இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராகப் போன நம்மாழ்வார் ஐயா கூட்டங்களில் பேசிப் பேசித்தான் அந்தப் பெயர் எங்களைப் போன்றவர்கள் காதுக்கு வந்தது. என் நிலம் அந்தக் கால் ஏக்கரைவிட ஐந்து சென்ட் கூடுதல். ஆகவே நிலம் போதாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. போதாதது தண்ணீர்.

கோடைக் காய்கறி என்றால் வெயிலை முந்துவது. அதை இரண்டு விதமாக முந்த வேண்டும். ஒன்று மாதக் கணக்கில்: பங்குனி வெயில் இறங்கும் முன்பே செடி தன் இலையால் தன் காலடியை மூடியிருக்க வேண்டும். இன்னொன்று மணிக் கணக்கில்: தோட்டத்து வேலை எல்லாம் காலை எட்டரைக்குள் முடிய வேண்டும், மிச்சம் சாயங்காலம் நாலரைக்கு மேல்தான். நடுவில் இருக்கிற நேரம் செடிக்கும் எனக்கும் சொந்தமில்லை. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் கரைசல், பொறி, விதை எல்லாம் தன்னிடத்தில் வந்து அமரும். இதைத் தவறவிட்டால் எந்தக் கரைசலும் கை கொடுக்காது.

மாதக் கணக்கை முதலில் சொல்கிறேன். வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு விதைகளைத் தை கடைசி வாரத்தில் ஊன்றிவிடுவேன். பீர்க்கு, பாகல், புடலை அதற்கு ஒரு வாரம் முன்னதாக. கத்தரி நாற்று மார்கழியிலேயே நாற்றங்காலில் இருக்கும். இப்படிச் செய்தால் வெண்டை பங்குனி நடுவில் பறிப்புக்கு வரும், வெயில் உச்சத்துக்குப் போகும்போது செடி இடுப்பளவு நிற்கும். இதையே மாசி கடைசியில் ஊன்றினால் இரண்டு இலை விட்ட பிஞ்சுச் செடி பங்குனி வெயிலைத் தலையில் வாங்கும். அது பிழைத்தாலும் வளர்த்தி இருக்காது.

தக்காளியையும் பீன்ஸையும் இந்தப் பட்டத்தில் நான் தொடுவதே இல்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ பூக்கும், காம்பு மஞ்சளாகும், உதிரும். தப்பிப் பிடித்த காயும் கடும் வெப்பத்தில் சிவப்பு ஏறாமல் வெளிறிப் பழுக்கும். நிழல்வலை கட்டி, ஊக்கி அடித்துப் பிடிவாதமாக வளர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. வெயிலை விரும்புகிற கொத்தவரை இருக்கிறது, தட்டை இருக்கிறது, கொடிப்பசலை இருக்கிறது, சுரை இருக்கிறது. கோடையில் இவற்றைச் சாப்பிட்டுத்தான் நம் ஆட்கள் இருந்தார்கள். தக்காளி வேண்டுமென்று கேட்கிற வாடிக்கைக்காரர்களிடம் புளியைக் கரைத்து ஊற்றச் சொல்கிறேன்.

மண் வேலை இதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிடும். ஐப்பசி மழையில் பல தானியம் விதைப்பேன். சோளம், கம்பு, தினை, உளுந்து, பாசி, தட்டை, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, கடுகு, வெந்தயம், சணப்பு, தக்கைப்பூண்டு, கொள்ளு என்று கலந்து, என் நிலத்துக்கு ஏழெட்டுக் கிலோ. பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுவேன். தை மாதம் கிடைக்காரர்கள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருவார்கள். அவர்களிடம் சொல்லி ஒரு ராத்திரி கிடை போட்டால் 30 சென்ட்டுக்குத் தாராளம். ஆட்டுப் புழுக்கை அந்தப் பயிருக்கே பலன் காட்டும். மாட்டெரு மெதுவாகத்தான் பேசும். கிடை போட்ட மறுநாளே மண்ணை மேலாகக் கீறி மூடிவிட வேண்டும், இல்லையென்றால் மூத்திரத்தில் இருக்கிற சத்து காற்றோடு போய்விடும். மட்காத சாணத்தை மட்டும் கோடைப் பாத்தியில் போடவே கூடாது. கறையானும் வேர்ப்புழுவும் அதைத் தேடி வரும்.

பிறகு மூடாக்கு. இதைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் எனக்குப் போதாது. எங்கள் பக்கம் நிலக்கடலைப் பொட்டு கிடைக்கிறது, கரும்புச் சோகை கிடைக்கிறது, தென்னை மட்டையைக் கிழித்துப் போடலாம். பாத்தியில் விதை முளைத்து நாலு இலை வந்ததும் தண்டைத் தொடாமல் மூன்று விரல்கடை கனத்துக்குப் பரப்புவேன். தண்டை ஒட்டிப் போட்டால் அங்கே ஈரம் தங்கி அழுகும். தேள் இருக்கும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இருக்கும்தான். களைக்கொத்தியால் விலக்கிப் பார்த்துவிட்டுக் கை வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

கிணற்றில் எனக்கு அடுத்த முறைக்காரர் என் கணவருக்கு மாமன் முறை, எனக்கும் மாமாதான். எழுபதைத் தாண்டியவர், வாழ்நாளெல்லாம் வெள்ளாமை செய்தவர். ஒரு பங்குனி மத்தியானம் மோட்டாரை நிறுத்த வந்தவர் வரப்பில் நின்று, "ஏத்தா, இம்புட்டுச் செத்தையப் போட்டு வச்சிருக்கியே, பூச்சி பொட்டு அடையாதா?" என்றார். "இங்கிட்டு வாங்க மாமா. மொதல்ல அந்த வெறும் பாத்தியத் தொட்டுப் பாருங்க, பெறகு இதத் தொடுங்க" என்றேன். செருப்பைக் கழற்றி வெறும் பாத்தியில் கால் வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். செம்மண்ணின் மேல்தோல் அந்த நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். பிறகு வெண்டைப் பாத்திக்கு வந்து குந்தி உட்கார்ந்து, சோகையை விலக்கி, கையை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. மண் கருத்து, குளிர்ந்து, விரலுக்கு இடம் கொடுத்தது. வெளியே எடுத்தபோது நகத்தில் ஈர மண்ணும் அதில் நெளிகிற ஒரு சின்ன மண்புழுவும் இருந்தன. புழுவைத் திரும்ப உள்ளேயே விட்டுச் சோகையால் மூடினார். "எத்தனை நாளாச்சு தண்ணி கட்டி?" என்றார். "இன்னைக்கு நாலாம் நாளு மாமா." அடுத்த வாரம் அவருடைய மிளகாய்ப் பாத்தியில் கடலைப் பொட்டு விழுந்திருந்தது.

தண்ணீருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சிறு நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அதை ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் 40 லிட்டர். பங்குனி வெயிலில் முழுதும் வளர்ந்த பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் குடிப்பதாக வைத்துக்கொண்டால்கூட ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர். 30 சென்ட்டுக்கு 6000 லிட்டர். தினமும். பங்குக் கிணற்றில் கோடை முழுக்க அது நடக்காது. அதனால் கோடையில் நான் பாதி நிலத்தில்தான் காய் வைக்கிறேன். மீதி 15 சென்ட் மூடாக்கின் கீழே சும்மா இருக்கும். அரை நிலத்துக்கு முழுத் தண்ணீர் கொடுத்தால் வருகிற காய், முழு நிலத்துக்கு அரைத் தண்ணீர் கொடுத்தால் வராது. தாகத்தில் வாடிய செடியைத்தான் செம்பேன் முதலில் பிடிக்கும். அரைத் தண்ணீர் கொடுப்பது பூச்சியைக் கூப்பிடுவதற்குச் சமம். இருக்கிற நிலத்தை எல்லாம் நிரப்பிவிட வேண்டும் என்கிற ஆசை சிறு நிலக்காரர்களிடம்தான் அதிகம். அந்த ஆசையைக் கோடையில் அடக்கத்தான் வேண்டும்.

முறைத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி வைத்துக்கொள்கிறேன். மூடாக்குக்குக் கீழே சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது. விடிவதற்கு முன் திறந்துவிட்டால் வெயில் வருவதற்குள் வேர் குடித்துவிடும். மத்தியானம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறித் தண்ணீர் திறக்கக் கூடாது. வெண்டையும் சுரையும் உச்சி வெயிலில் இலையைத் தளர்த்திக்கொள்வது இயல்பு. சாயங்காலம் ஐந்து மணிக்கும் அதே தொங்கல் இருந்தால்தான் தாகம். அணில்கள் தாகத்தில் குழாயைக் கடித்து ஓட்டை போடும். தொட்டிக்குப் பக்கத்திலும் வேலி ஓரத்திலும் மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு கடி குறைந்தது. அந்தச் சட்டிக்குத் தவிட்டுக்குருவிகளும் கரிச்சானும் வருகின்றன. வந்தவை சும்மா போவதில்லை, புழுவைப் பொறுக்கிக்கொண்டுதான் போகின்றன.

தெற்கேயும் மேற்கேயும் அகத்தி வரிசை. காலை வெயில் செடிக்கு வேண்டும். இரண்டு மணிக்கு மேல் அடிக்கிற மேல்திசை வெயில்தான் செடியைக் கொல்கிறது. அகத்தியின் சல்லடை நிழல் அதைப் பாதியாக்கிவிடும். தழை ஆட்டுக்கு, கீரை வீட்டுக்கு. அதற்கு உள்பக்கம் தீவனச் சோளம் நான்கு வரிசை நெருக்கமாக நிற்கும். பக்கத்துத் தோட்டத்தில் அடிக்கிற மருந்துச் சாரலையும், காற்றில் மிதந்து வருகிற வெள்ளை ஈயையும் அந்தச் சோளம் கொஞ்சம் தடுக்கிறது.

வெள்ளை ஈ என்று சொல்லும்போதே வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல்தான் நினைவுக்கு வரும். இலையின் நரம்பெல்லாம் மஞ்சளாகி, வலை பின்னியது போலத் தெரியும். பிறகு முழு இலையும் வெளுக்கும், காய் வெள்ளையாக, கட்டையாக வரும். வந்த செடிக்கு மருந்து கிடையாது, எந்த முறை விவசாயத்திலும் கிடையாது. வெள்ளை ஈ ஒரு செடியில் உறிஞ்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகிறது. விதை வழியாக அது பரவுவதில்லை. அதனால் முதல் மாதம் முழுக்கத் தினமும் காலையில் வெண்டை வரிசையில் நடப்பது என் வழக்கம். மஞ்சள் நரம்பு ஓடிய செடியைக் கண்ட இடத்திலேயே பிடுங்கிப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுவேன். கையில் எடுத்துக்கொண்டு வரிசை முழுக்க நடந்தால் ஈக்களை எல்லாச் செடிக்கும் நாமே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகிவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைச் செடி உயரத்துக்குக் கட்டுவேன், செடி வளர வளர அட்டையையும் ஏற்றிக் கட்டுவேன். ஏக்கர் கணக்கில் வெண்டை போட்டவரால் ஒவ்வொரு செடியையும் தினம் பார்க்க முடியாது. எட்டுச் சென்ட் வெண்டையை என்னால் பார்க்க முடியும். இயற்கை விவசாயத்தில் சிறு நிலத்துக்கு இருக்கிற பெரிய பலமே இதுதான். தேமலைத் தாங்குகிற ரகங்களும் இருக்கின்றன. பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா அனாமிகா அப்படி வந்ததுதான். ஒரு வரிசை அதையும் போடுகிறேன்.

பறிப்பு ஒருநாள் விட்டு ஒருநாள். வெயிலில் வெண்டை ஒரே நாளில் முற்றிவிடும். பூ மலர்ந்த ஐந்தாறு நாளில் பறித்தால் நுனி 'டக்'கென்று ஒடியும். கையில் சுனை ஏறாமல் இருக்க முழுக்கைச் சட்டை, கைக்குப் பழைய காலுறை. வெயில் ஏறுவதற்குள் பறித்து ஈரச் சாக்கில் போட்டு, வேப்பமரத்து நிழலில் வைத்துவிட வேண்டும். எட்டு மணிக்குப் பறித்த காயும் ஐந்தரைக்குப் பறித்த காயும் சாயங்காலம் பார்த்தால் ஒரே தோட்டத்துக் காய் என்று சொல்ல முடியாது.

சாயங்கால வேலைகளில் எனக்குப் பிடித்தது பீர்க்கம் பந்தல். பாகல் பூ காலையில் மலர்ந்துவிடும், தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். பீர்க்கு அப்படி இல்லை. ஐந்து மணிக்கு மேல் மொட்டு நெகிழ ஆரம்பிக்கும், ஆறு மணிக்குள் பந்தல் முழுக்க மஞ்சளாகிவிடும். அந்த நேரத்தில் தேனீக்கள் பெரும்பாலும் கூடு திரும்பியிருக்கும். அந்துப்பூச்சிகள் வரும், ஆனால் சுற்றிலும் மருந்து அடிக்கிற ஊரில் அவையும் குறைந்துவிட்டன. அதனால் நானே பந்தலுக்குக் கீழே போய் நிற்கிறேன். ஆண் பூ கொத்துக் கொத்தாக நீண்ட காம்பில் இருக்கும். பெண் பூ தனியாக, பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் கனத்தில் வரிவரியாகக் குட்டிப் பீர்க்கையே சுமந்துகொண்டு நிற்கும். ஆண் பூ ஒன்றைக் கிள்ளி இதழ்களை உரித்துவிட்டால் நடுவில் மகரந்தம் மாவாக நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் இருக்கிற பச்சை முடிச்சின் மேல் மெல்ல ஒற்ற வேண்டும். அழுத்தினால் முடிச்சு காயப்பட்டுவிடும். ஒரு ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூவுக்குத் தாங்கும். ஒற்றிய பூவின் காம்பில் வாழை நாரைத் தளர்த்தியாகக் கட்டி அடையாளம் வைப்பேன். சேர்க்கை பிடித்திருந்தால் மூன்றாம் நாள் குட்டிக் காய் பச்சை கருத்து, கழுத்தை வளைத்துக் கீழே தொங்க ஆரம்பிக்கும். பிடிக்காதது மஞ்சளாகிச் சுருங்கும். வெயில் கூடக் கூட ஆண் பூ அதிகமாகவும் பெண் பூ குறைவாகவும் வரும். ஆகவே சித்திரையில் ஒரு பெண் பூவைக்கூட விடக் கூடாது.

பிடித்த காயைப் பழ ஈ விடாது. பிஞ்சின் தோலில் குத்தி முட்டை வைக்கும். குத்திய இடத்தில் பிசின் போல ஒரு சொட்டு நிற்கும். அந்தக் காய் கோணிக்கொண்டு, உள்ளே புழுவாகிப் போகும். ஒரு வாரம் கழித்து வைத்தியம் பார்ப்பதில் அர்த்தமில்லை. பிஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே பழைய வேட்டித் துணியில் தைத்த பையை மாட்டிவிடுகிறேன். பாட்டிலில் துளை போட்டு, கருவாட்டுத் தூளை நனைத்து வைத்துப் பந்தலில் தொங்கவிட்டால் ஈக்கள் உள்ளே போய்ச் சாகும். மிக முக்கியமானது, கீழே விழுந்த காயைத் தினமும் பொறுக்குவது. அதைக் குப்பைக் குழியில் போடக் கூடாது. புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டால் வெந்துவிடும். பந்தலுக்கு அடியில் நாட்டுக்கோழிகளை விடுகிறேன். கூட்டுப்புழுவைக் கிளறித் தின்பதில் அவற்றுக்கு இணை எதுவும் இல்லை.

கத்தரியில் தண்டுத் துளைப்பான். கொழுந்து திடீரென்று தலை கவிழ்ந்தால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு சாண் கீழே ஒடித்து, புழுவோடு எரிக்க வேண்டும். அந்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு கட்டினால் இந்த அளவு நிலத்துக்குப் போதும்.

கரைசல்களைப் பற்றி எனக்கு அழுத்தமான ஓர் எண்ணம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பூச்சிக்கு எந்தக் கரைசல் அக்கா?" என்றுதான். கடையில் மருந்து வாங்கிய பழக்கம் அப்படியே வாளிக்கு மாறியிருக்கிறது. மூடாக்கு போடாத, ஒரே பயிர் வைத்த, தண்ணீர் தவித்த நிலத்தில் எத்தனை டேங்க் அடித்தாலும் அது செலவுதான். நான் செய்வது குறைவு. ஏக்கருக்குப் பத்துக் கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், கால் கிலோ வெல்லம், 200 லிட்டர் தண்ணீர் என்பது அமுதக் கரைசலின் அளவு. என் பாதி நிலத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்கு கலக்கி, ஒருநாள் வைத்து, பாசன நீரோடு விடுகிறேன். பூவெடுக்கும் சமயத்தில், கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவைப் பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி கலந்து தெளிப்பேன். அதற்கு மேல் அளவைக் கூட்டினால் இலை கருகும்.

பூச்சி எல்லை மீறினால் வேப்பங்கொட்டை. பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ பருப்பு. இடித்து, துணியில் கட்டி, ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, இலையில் ஒட்டுவதற்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் சேர்த்து அடிக்க வேண்டும். சாயங்காலம் மட்டும்தான். வேம்பின் கசப்புச் சத்து வெயில் பட்டால் சிதைந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு அடித்தது பகல் வெயிலில் வீணாகிவிடும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், ஈயும் பேனும் அங்கேதான் குடியிருக்கின்றன. இந்தக் கொட்டையைக் கோடையில் தேடிப் பயனில்லை. வேப்பம்பழம் உதிர்வது ஆனியில். அப்போது பொறுக்கிச் சதை கழுவி, நிழலில் உலர்த்திச் சாக்கில் வைத்தால்தான் பங்குனிக்குக் கிடைக்கும். அதையும் எட்டு, பத்து மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும், பழசானால் வீரியம் இல்லை.

விற்பனையைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. நகரத்தில் ஓர் இயற்கை அங்காடிக்குச் சில காலம் காய் கொடுத்தேன். எல்லாப் பாகற்காயும் ஒரே நீளத்தில் வேண்டும் என்றார்கள்; கோணல் காயைக் கழித்தார்கள்; விற்காததைத் திருப்பி அனுப்பிக் கணக்கில் பிடித்தார்கள். வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைச் சொன்னால் கோபம்தான் வரும். ஒட்டன்சத்திரம் சந்தை எங்களுக்குப் பக்கம், கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய் போகிற பெரிய சந்தை. ஆனால் அங்கே என் ஒரு கூடைக்கும் எதிரில் இருப்பவரின் மூட்டைக்கும் ஒரே விலை. 1999-இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தைதான் என்னைப் போன்றவர்கள் நேராகத் தராசு பிடிக்க வழி செய்தது. திண்டுக்கல் உழவர் சந்தைக்குக் கொஞ்சம், மீதி வாடிக்கை வீடுகளுக்கு.

அந்த வீடுகளுக்கு நான் வைத்திருப்பது ஒரே விலை. மாசியில் பேசிய விலை ஆடி வரைக்கும் மாறாது. சித்திரையில் சந்தையில் வெண்டை விலை ஏறினாலும் ஏற்றுவதில்லை, வைகாசியில் மற்ற காய்களின் விலை சரிந்தாலும் அவர்கள் குறைக்கச் சொல்வதில்லை. சந்தேகம் உள்ளவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் தோட்டத்துக்கு வந்து பார்க்கலாம். ஐந்து பேருக்குக் குறையாமல் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதிக்கிற பி.ஜி.எஸ். சான்று முறையும் இருக்கிறது. சிறு நிலக்காரர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும். காகிதத்தைவிட அந்தக் குழு முக்கியம். என் வரப்பில் நின்று, "இந்தச் செடி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள்.

சித்திரை 21-இல் கத்திரி வெயில் பிறந்ததும் வெண்டையை முடித்துக்கொள்கிறேன். வேரைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, அதே பாத்தியில் மூடாக்காகப் படுக்க வைத்துவிடுவேன். விதைச் செடிகள் மட்டும் நிற்கும். எந்தச் செடி விதைக்கு என்பதைப் பங்குனியிலேயே முடிவு செய்திருப்பேன்: வரிசையின் நடுவில், சுற்றிலும் தேமல் வந்தபோதும் பச்சை நரம்போடு நின்று, வெயிலில் பூ உதிர்க்காத செடி. அதில் மொட்டு மலர்வதற்கு முந்தின சாயங்காலம் துணிப் பை கட்டிவிடுவேன். வெண்டைப் பூவில் தேனீ பக்கத்துத் தோட்டத்து ஒட்டுரக மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும் என்பதால் இந்தக் காவல். காய் பழுப்பாகி விளிம்பு வெடிக்கிற நேரத்தில் நெத்தாகப் பறித்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி மண் கலயத்தில் போட்டு வைக்கிறேன்.

விதை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு பிடி கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. தை கடைசி வாரம் தாண்டக் கூடாது, ஊன்றுவதற்கு முந்தின ராத்திரி ஊறவைக்க வேண்டும், அடுத்த வருசம் இரண்டு பிடியாகத் திருப்பித் தர வேண்டும். கொடுக்கும்போதே இந்த மூன்றையும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.